கப்பல் மாதிரி ஊது

ஊருக்குப் பெயர் கப்பல்துறை. ஆனால் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஒரு கப்பலும் கண்ணில் படாது. இரவில் சத்தம் மட்டும் வரும். சீனக்குடாவில் பிரீமா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் ஹோர்ன் அடித்தால், காதில் கேட்கும் முன்பே கூரைத் தகரத்தில் அதிர்வு தெரியும். அந்தச் சத்தத்துக்கும் நான் ட்ரம்பெட்டில் மேல் சுரம் பிடித்ததற்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் சிரிப்பாள்.

2003ஆம் ஆண்டு. இலங்கையில் போர்நிறுத்தக் காலம். எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்து பாண்ட் அறையில் பல வருடமாகப் படுத்துக் கிடந்த ஒரு ட்ரம்பெட் என் கைக்கு வந்தது. வாய் விரியும் இடத்தில் ஒரு நெளிவு. மூன்று பிஸ்டன்களில் நடுவிலுள்ளது அழுத்தினால் இறங்கும், திரும்பி வராது. அதற்குரிய எண்ணெய்க்கு எங்கே போவது? அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். அம்மா தன் பங்குக்கு, நான் தூங்கியபோது அதைக் குத்துவிளக்கு என்று நினைத்தாளோ என்னவோ, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டாள். பூச்சு முழுக்கப் போய்விட்டது. ஆனால் பளபளவென்று இருந்தது. அதை மறுக்க முடியாது.

எல்லாப் பையன்களையும் போல எனக்கும் ஒரே ஆசைதான்: உயரம். ட்ரம்பெட் ஊதுகிறவனை எவரும் "இதமாக ஊதுகிறாய்" என்று பாராட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. "எவ்வளவு மேலே போகிறான் பார்" என்பார்கள். அந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடையின் முடிவில் ஒரு மேல் சுரத்தை நீட்டிப் பிடிக்க வேண்டும். கண்ணை இறுக மூடி, மவுத்பீஸை உதட்டில் அமுக்கி, உயிரைக் கொடுத்து ஊதினேன். கழுத்தை நெரித்த கோழியின் சத்தம் வந்தது. சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை என் பெயர் கோழிதான்.

அந்த அமுக்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மவுத்பீஸை அழுத்தினால் ஒரு சுரம் மேலே போகலாம். இன்னும் அழுத்தினால் இன்னொன்று. மீற்றர் வட்டிக்குக் காசு வாங்குவது மாதிரி: கை நிறைந்திருக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் உதட்டில் இரத்த ஓட்டம் நின்று, தோல் மரத்து, அடிச்சுரம்கூட வராமல் போகும். போட்டிக்கு முதல் வாரம் முழுக்க நான் அப்படித்தான் பழகினேன். உதடு வீங்கி, கத்தரிக்காய்க் குழம்பு பட்டாலே எரிந்தது. வெறும் பிட்டும் வாழைப்பழமும்தான்.

லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கே இந்தக் கதி வந்தது என்று பிறகு படித்தேன். மேடைக்கு மேடை ட்ரம்பெட்டில் மேல் 'சி' சுரத்தை அடுக்கடுக்காக ஊதிக் காட்டிய மனிதர். 1930களில் உதடு கிழிந்து மாதக்கணக்கில் வாத்தியத்தைத் தொடாமல் இருக்க நேர்ந்தது. வாயைச் சுற்றியுள்ள தசை இப்படிக் கிழிவதற்கு 1982இல் மருத்துவர் ஒருவர் ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப் பெயரையே வைத்தார்: 'சாட்ச்மோ நோய்'. புகழ் இப்படியும் வரும்.

கோழிப் பட்டத்தோடு நான் போய் நின்றது பாலையூற்றில், ஒரு பறங்கி மாஸ்டரின் வீட்டு வாசலில். கண்டி வீதியால் சைக்கிளில் போவேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ட்ரம்பெட் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். ஒருநாள் அங்கிருந்த சிப்பாய் ஊதிக்காட்டு என்றான். கை நடுங்க ஒரு பைலா ஊதினேன். அன்றிலிருந்து பெட்டியைத் திறக்கச் சொல்வதில்லை, ஊதத்தான் சொல்வான்.

மாஸ்டர் முதல் நாள் என்னை ஊதவே விடவில்லை. "விசிலடி" என்றார். அடித்தேன். "மேல போ." போனேன். "இப்ப உன்ர நாக்கு எங்க நிக்குது?" அப்போதுதான் கவனித்தேன்: நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழும்பியிருந்தது. 'ஆ' என்னும்போது படுத்திருக்கும் நாக்கு 'ஈ' என்னும்போது எழும்புகிறது; காற்று போகும் வழி ஒடுங்கி வேகம் கூடுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் நுனியை விரலால் ஒடுக்குவதுபோல. "அங்கதான் மேல் சுரம் இருக்கு. உன்ர கையில இல்லை" என்றார்.

பிறகு ட்ரம்பெட்டை வாங்கித் தன் இடது உள்ளங்கையில் படுக்க வைத்தார். விரல்கள் ஒன்றும் அதைப் பிடிக்கவில்லை. தட்டில் வைத்த பலகாரம் மாதிரி அது கிடந்தது. குனிந்து உதட்டை வைத்தார். சற்று அழுத்தியிருந்தால் ட்ரம்பெட் பின்னால் வழுக்கி விழுந்திருக்கும். அந்த நிலையில் அடிச்சுரத்தில் தொடங்கி, ஒரு பிஸ்டனையும் தொடாமல், படிப்படியாக மேலே போனார். எழுபது வயது. முன்பற்களில் ஒன்று பொய்ப்பல். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. வாயின் இரு ஓரங்களில் மட்டும், குழந்தை சிரிப்பை அடக்குவதுபோல, சிறு குழி விழுந்தது.

பிஸ்டனைத் தொடாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: நீட்டி அளந்தால் ட்ரம்பெட் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த குழாய். பிஸ்டன்கள் அந்த நீளத்தைக் கூட்டிச் சுரத்தை இறக்கத்தான் உதவும், ஏற்ற அல்ல. ஏறுவது முழுக்க உதடும் காற்றும். குழாயில் இயல்பாகவே சுரங்கள் படிகளாக அடுக்கியிருக்கின்றன. கீழே படிகள் தூரத்தூர: ச, பிறகு ப, பிறகு மேல் ச. அதற்கு மேல் க, ப என்று நெருங்கும். இன்னொரு ச வந்த பிறகு, அடுத்த படி ரிதான். அந்த உயரத்தில் உதடு மயிரிழை பிசகினால் பக்கத்துப் படியில் கால் வைத்துவிடும். அதையும் தாண்டிப் போனால், விரிந்த வாய் ஒலியைத் திருப்பி அனுப்பாமல் வெளியே விட்டுவிடுவதால், குழாயின் ஒத்தாசையும் இல்லை. மனிதன் தனியே நிற்க வேண்டியதுதான். என் கோழி அந்த நெருக்கத்தில் பிறந்தது.

ஊதி ஊதிப் பழுதாவது நாதஸ்வரக்காரர்களுக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்துக் கோயிலில் வாசித்த ஒருவர் என் உதட்டைப் பார்த்துவிட்டு, தன் வாத்தியத்தில் தொங்கிய சீவாளிக் கொத்தை ஆட்டிக் காட்டினார். "எனக்கு ஒண்டு பழுதானா இன்னொண்டு. உனக்கு உதடுதான் சீவாளி. மாத்த ஏலாது, தம்பி." அவர் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. பழைய நாயனம் 'திமிரி'. குட்டை, சுருதி கூடியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதை நீட்டி, சுருதியை இறக்கி, இன்றைய 'பாரி' நாயனத்துக்கு வழி செய்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி செய்த காரியம் கீழே இறங்கியது!

மாஸ்டரும் என்னைக் கீழேதான் அனுப்பினார். மூன்று மாதம் மேல் சுரத்தைத் தொடக் கூடாது. மெல்ல, நீளமாக, அடிச்சுரங்கள். அதற்கும் கீழே, வாத்தியத்தில் முறைப்படி இல்லாத சுரங்கள். உதட்டைத் தளர்த்தி, எருமை செருமுவதுபோல. "இரவில கப்பல் ஊதுறது கேக்குமோ? அது மாதிரி ஊது." ஐந்து நிமிடம் ஊதினால் ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கப்பல் ஹோர்னுக்கு உலகச் சட்டமே உண்டு என்பது பின்னாளில் தெரிந்தது. 200 மீற்றருக்கு மேற்பட்ட கப்பலின் அடிக்குரல் வினாடிக்கு 70 முதல் 200 அதிர்வுக்குள் இருக்க வேண்டும்; 75 மீற்றருக்குக் குறைந்ததற்கு 250 முதல் 700. உருவம் பெருக்கப் பெருக்கக் குரல் இறங்கும். ட்ரம்பெட்டின் முறையான அடிச்சுரம் ஏறத்தாழ 165. ஆகவே நான் இரவில் படுத்தபடி மவுத்பீஸை மட்டும் வாயில் வைத்துப் பிடிக்க முயன்ற கப்பல், பல நாள் எனக்கும் கீழே நின்றது. தளர்த்தத் தளர்த்தத்தான் தெரிந்தது, அதுவரை உதட்டின் நடுப்பகுதியை எவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன் என்று. அது தளர்ந்தால்தான் அதிரும். பிடிமானம் ஓரங்களில் இருக்க வேண்டும். மாஸ்டரின் அந்தக் குழிகள்.

உதட்டுக்கு அடுத்தது மூச்சு. மேல் சுரத்துக்கே பேர் போன கனடாக்காரர் மேனார்ட் ஃபெர்குசன் 1960களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, ரிஷி வேலி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மூச்சுக்கு யோகத்தைச் சொல்வார். எனக்கு யோகம் இல்லை; கண்டி வீதியில் எதிர்காற்று இருந்தது. சைக்கிள் மிதித்த பிறகு வயிற்றடியிலிருந்து வரும் மூச்சை வீணாக்காமல் உடனே ஊதச் சொல்வார் மாஸ்டர்.

மேல் 'சி' வந்தது ஒரு சனிக்கிழமைக் காலையில். அதைத் தேடி நான் போகவில்லை. படிகளில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். நாக்கு ஒரு தடவை கூடுதலாக எழும்பியிருக்க வேண்டும். நூல் மாதிரி, சத்தமே இல்லாத ஒரு சத்தம். உடனே பயந்து நிறுத்திவிட்டேன். அதே இடத்தில் உதட்டை அசைக்காமல், மூச்சு மட்டும் எடுத்துத் திரும்பவும் ஊதினேன். இருந்தது.

குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்: "என்னடா, இண்டைக்கு இன்னும் ஊதத் தொடங்கேல்லையோ?"