நான் படிப்பிக்காமல் விட்ட பாடம்

என் அன்புப் பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும்,

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் உங்களைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

என்னிடம் சரித்திரம் படித்தவர்களுக்கு இரண்டாம் உலக யுத்தப் பாடம் ஞாபகம் இருக்கும். கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக் கோடு போடுவேன். ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆசியா. 1939 செப்டம்பர், ஜேர்மனி போலந்துக்குள் புகுந்தது. 1941 டிசம்பர் 7, பேர்ள் துறைமுகம். 1945 ஓகஸ்ட், ஹிரோஷிமா, நாகசாகி. இத்தனை ஊர்ப் பெயர்களை எழுதிய நான், அந்தப் பலகையில் ஒரு நாளும் மட்டக்களப்பு என்று எழுதவில்லை.

1984ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். பேர்ள் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. தகப்பனுக்குக் கடல் தொழில். “சேர், ஜப்பான்காரன் அடிச்ச கப்பல் ஒண்டு எங்கட கடலுக்குள்ளயும் கிடக்கு. எங்கட அப்பா அதுக்கு மேலதான் தூண்டில் போடுறவர்” என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “சரி சரி, அது சோதனைக்கு வராது. இரு மகன்” என்றேன்.

அவன் இருந்தான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டுத் தகப்பனோடு கடலுக்குப் போய்விட்டான். அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதை அவனும் வாசிப்பான். அவனோடு படித்தவர்களுக்கு யாரென்று விளங்கும்.

அவன் சொன்னது உண்மை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதுதான் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. என் அம்மா அந்த நாளைப் பற்றி எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறா. 1942இல் அவவுக்குப் பன்னிரண்டு வயது. வருசப் பிறப்புக்கு நாலைந்து நாள்தான் இருந்ததாம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் கடல் பக்கமிருந்து இடி மாதிரிச் சத்தம், விட்டு விட்டுக் கேட்டதாம். கோடையில் இது என்ன இடி என்று அம்மம்மா முற்றத்துக்கு வந்து பார்த்தாவாம். அன்று பின்நேரமே தாத்தா எல்லாரையும் தோணியில் ஏற்றி வாவியைக் கடந்து படுவான்கரைக்குக் கொண்டுபோய்ச் சொந்தக்காரர் வீட்டில் விட்டாராம். “அந்த வருசம் பலகாரம் சுடல்ல மனே” என்று அம்மா கதையை முடிப்பா. அவவுக்கு யுத்தம் என்றால் அந்தப் பலகாரம்தான்.

இதை நான் வீட்டுக் கதை என்று ஒதுக்கி வைத்தேன். புத்தகத்தில் இருந்ததுதான் சரித்திரம் என்று நம்பினேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தேடி வாசித்தேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்கு உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. நாலு மாதங்களுக்கு முன்பு பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோ என்ற தளபதி, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்து கொழும்பைத் தாக்கினார். நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை, திருகோணமலை. தாக்குதல் வரப்போகிறது என்று முதல் நாளே பிரித்தானியர்களுக்குத் தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் நின்றால் அழிவு என்று கப்பல்களைக் கடலுக்குள் அனுப்பினார்கள். அப்படித் தெற்கு நோக்கி வந்தவற்றில் ஒன்றுதான் ஹேர்மிஸ். கூடவே காவலுக்கு வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பல்.

ஹேர்மிஸ் சாதாரணக் கப்பல் அல்ல. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு உலகில் முதன்முதலில் கட்டத் தொடங்கிய கப்பல் அது. அதற்கு முந்தியவை எல்லாம் வேறு தேவைக்குக் கட்டிப் பிறகு மாற்றியவை. 1918இல் வேலை தொடங்கி, 1924இல்தான் சேவைக்கு வந்தது. இடையில் ஜப்பானியர்கள் தங்கள் கப்பலை முந்திக் கட்டி முடித்துவிட்டார்கள். நீளம் ஏறத்தாழ 600 அடி.

அந்தக் காலை ஹேர்மிஸில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் திருகோணமலையில் கரையில் நின்றன. திருகோணமலைத் தாக்குதல் முடிந்துவிட்டதென்று இரண்டு கப்பல்களும் வடக்கே திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால், ஜப்பானிய வேவு விமானம் அவற்றைக் கண்டுவிட்டது. உதவி கேட்டும் பாதுகாப்பு விமானங்கள் நேரத்துக்கு வரவில்லை. பத்தரை மணி அளவில் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. இருபது நிமிடங்களுக்குள் கப்பல் போய்விட்டது. இறந்தவர்கள் 307 பேர். கப்டன் ஒன்ஸ்லோவும் அதோடு போனார். வம்பயரும் சற்று நேரத்தில் மூழ்கியது. அதில் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு.

அன்று போனவை இரண்டு கப்பல்கள் மட்டுமல்ல. ஹொலிஹொக் என்ற சிறிய காவல் கப்பலில் ஐம்பது பேரளவில் இறந்தார்கள். அது காவல் காத்து வந்த அத்தெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற இன்னொரு எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கக் கடலில் கிடக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் எரிந்த சகாயிங் என்ற கப்பல் பல வருடங்கள் தண்ணீருக்கடியில் கிடந்து, 2018இல்தான் இலங்கைக் கடற்படையால் மேலே எடுக்கப்பட்டது. ஒரே நாளில் நம் கரையோரம் முழுக்க இவ்வளவும் நடந்திருக்கிறது. என் கரும்பலகையில் ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் அம்மா உயிரோடு இருந்தபோது அறிந்து சொல்லியிருக்கலாம் என்று நினைப்பேன். அன்று அருகே வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் வந்துகொண்டிருந்தது. செஞ்சிலுவை போட்ட அந்தக் கப்பலை ஜப்பானியர்கள் தாக்கவில்லை. அது ஏறத்தாழ 590 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்தது. சிலர் கரை வரைக்கும் நீந்தியே வந்தார்கள். அம்மாவுக்கு அந்த இடிச் சத்தம் மட்டும்தான் தெரியும். இவ்வளவு பேர் பிழைத்தார்கள் என்று தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பா.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன்.

வைகாசி மாதம் ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்தான். தலை நரைத்துவிட்டது. பேரப்பிள்ளையும் கண்டுவிட்டான். பைபர் போட் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறான். மீன் பிடிப்பதோடு, வெளிநாட்டுச் சுழியோடிகள் வந்தால் அவர்களையும் கப்பல் கிடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவானாம். பேச்சுவாக்கில் நான் அந்த 1984 கதையை எடுத்தேன். மறந்திருப்பான் என்று நினைத்தேன்.

“மறக்கல்ல சேர்” என்றான். பிறகு சிரித்துவிட்டு, “நாளைக்கு விடிய வாங்க. நான் படிப்பிக்கிறன்” என்றான்.

வீட்டில் ஒரே எதிர்ப்பு. இந்த வயதில் கடலா என்று மகள் தொலைபேசியிலேயே அழுதுவிட்டாள். ஆனாலும் போனேன். கடல் தாம்பாளம் மாதிரிக் கிடந்தது. முகத்துவாரம் வெளிச்சவீடு சின்னதாகிக்கொண்டே வந்து ஒரு வெள்ளைக் குச்சியாக நின்றபோது எஞ்சினை நிறுத்தினான். இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. அவனுடைய தகப்பன் காலத்தில் வெளிச்சவீட்டையும் மேற்கே தெரியும் மலையையும் ஒரு கோட்டில் வைத்து, கரையில் இன்னும் இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில் வைத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் தோணியை நிறுத்துவார்களாம். கேத்திரகணிதம்! இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவரிடம் கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் விளங்கியிருக்கும்.

பார்க்க ஒன்றுமில்லை. தண்ணீர்தான். கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சாதாரணமாகச் சுழியோடப் பழகியவர்கள் அவ்வளவு ஆழத்துக்குப் போகக் கூடாது, விசேட பயிற்சி வேண்டும் என்றான். போய் வந்தவர்கள் எடுத்த படங்களைத் தன் போனில் காட்டினான். இரும்பு முழுக்கப் பவளமும் பாசியும். பீரங்கிக் குழாயைச் சுற்றி மீன்கூட்டம். மணல் தரையில் இப்படி ஒரு இரும்பு மலை கிடந்தால் மீன் ஒதுங்கத்தானே செய்யும். கலவாய், பாரை, சீலா எல்லாம் அங்கே நிற்கும். அவனுடைய தகப்பன் நாலு பிள்ளைகளையும் வளர்த்தது அந்தக் கப்பலை வைத்துத்தான்.

“வலை போடுறதில்லையா?” என்று கேட்டேன்.

“வலை போட்டால் சிக்கும் சேர். கப்பல் விடாது.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவனாகவே கேட்டான். “அந்த 307 பேருக்கும் பேர் இருக்காம் சேர், உண்மையா? போன வருசம் வந்த வெள்ளைக்காரர் ஒராள், தன்ட பெரியப்பாட பேர் அவங்கட ஊர்ல கல்லில வெட்டிக் கிடக்கு எண்டு சொன்னார். ஒரு பூவளையம் கொண்டு வந்து இதில விட்டவர்.”

உண்மைதான் என்றேன். பிளிமத் போன்ற துறைமுக நகரங்களில் கடற்படையினருக்கான பெரிய நினைவுத்தூண்கள் இருக்கின்றன. உடல் கிடைக்காமல் கடலோடு போன ஒவ்வொருவருடைய பெயரும் அவற்றில் இருக்கிறது.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “தம்பிட பேர் ஒரு இடத்திலயும் இல்ல சேர்.”

அவனுடைய தம்பியும் என்னிடம் இரண்டு வருடம் படித்தவன். அமைதியான பிள்ளை. வரைபடத்தில் ஆறுகளுக்கு நீலம் அடிப்பதில் அவனைப் போல ஒருவரும் இல்லை. நம்முடைய யுத்த காலத்தில், கடலுக்குப் போவதற்கே அனுமதி கேட்டு நின்ற அந்த நாட்களில், ஒரு நாள் தொழிலுக்குப் போனான். திரும்பவில்லை. தோணியும் கிடைக்கவில்லை. என்ன நடந்ததென்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் காலையில் இடாப்பைத் திறந்து அவனுடைய பெயரைக் கூப்பிட்டவன் நான். “பிரசன்னம் சேர்” என்று அவன் சொல்லும் குரல் அந்தப் படகில் எனக்குக் கேட்டது. அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

தாய் இன்னும் இருக்கிறா. மகன் செத்துவிட்டான் என்று அவ ஒப்புக்கொண்டதில்லை. வீட்டில் படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. அதனால்தான் அந்தப் பிள்ளையின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. அதை எழுதுவதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அவவுக்கு மட்டும்தான்.

திரும்பி வரும்போது அவன் இன்னொரு கவலையும் சொன்னான். பழைய இரும்புக்காக யாரும் ஒரு நாள் இந்தக் கப்பலை உடைத்து எடுத்துவிடுவார்களோ என்று. வீண் பயம் என்று நான் சொல்லவில்லை. அதே 1942இல் ஜாவாக் கடலில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களைப் பார்க்க 2016இல் சுழியோடிகள் போனபோது, டி ரூய்டர், ஜாவா என்ற இரண்டு பெரிய கப்பல்களும் அங்கே இல்லை. கடலடியில் பள்ளம் மட்டும் கிடந்தது. ஆயிரக்கணக்கான தொன் இரும்பையும், அதற்குள் இருந்த மனிதர்களின் எலும்புகளையும் சேர்த்துக் களவெடுத்துவிட்டார்கள். நம் கடலில் கிடப்பதும் கல்லறைதான். வெள்ளைக்காரன் பிள்ளை என்றாலும் பெற்றவளுக்குப் பிள்ளைதானே. மீன் பிடிக்கலாம், படம் எடுக்கலாம். உடைக்க விடக் கூடாது. நம்மூரில் பொறுப்பான இடங்களில் இருக்கும் என் மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு வேலை. சோதனைக்கு வராது, ஆனாலும் செய்யுங்கள்.

ஒன்று. உங்கள் வீடுகளில் 1942ஐப் பற்றிக் கதை கேட்ட பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் இருந்து கேட்டு எழுதி வையுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இப்போது அநேகமாக இல்லை. அவர்களிடம் கேட்டவர்கள் நாங்கள்தான். நாங்களும் போனால் கதையும் போய்விடும். கரைக்கு நீந்தி வந்தவர்களைக் கண்டதாகவோ, உடுப்பும் சாப்பாடும் கொடுத்ததாகவோ யாருடைய வீட்டிலாவது பேச்சு இருந்தால் கட்டாயம் எனக்கு அறிவியுங்கள்.

இரண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், யுத்தத்திலோ, சுனாமியிலோ, புயலிலோ, அவர்களுடைய பெயர், வயது, என்ன தொழில், என்ன பிடிக்கும் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கல்லில் வெட்ட நமக்கு வசதியில்லாமல் இருக்கலாம். ஒரு கொப்பி எல்லாருக்கும் முடியும். நான் நேற்று ஒன்று வாங்கினேன். இடாப்பு மாதிரிக் கோடு போட்டிருக்கிறேன். முதல் வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்தத் தாயிடம் ஒரு நாள் போய்க் கேட்பேன். அவ வேண்டாம் என்றால் அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

மூன்று. உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கு மட்டும். கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி ஏதாவது சொன்னால், வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

மகனே, நீயும் இதை வாசிப்பாய் என்று சொன்னேன்தானே. அன்றைக்கு உன்னை இருக்கச் சொன்னது என் பிழை. நாற்பது வருடம் பிந்திவிட்டது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் சேர்