பேக் ஆடுறவன் உள்ள ஓடலாமா?

நைட் டியூட்டி முடிச்சு வந்தும் தூக்கம் வரல. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஃபுட்பால் த்ரெட் இது. கொஞ்சம் நீளம். சுகர், பிரஷர் பத்தி எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், அது நாளைக்கு.

தாம்பரம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில டியூட்டி டாக்டர் நான். வெறும் எம்பிபிஎஸ். கோச்சிங்ல அந்த அளவுக்குக் கூட படிப்பு இல்ல, டி லைசென்ஸ்கூட கிடையாது. காலேஜ் டீம்ல லெஃப்ட் பேக் ஆடினேன்ங்கிறதுதான் ஒரே தகுதி. டியூட்டி இல்லாத ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு கிழக்குத் தாம்பரத்துல ஒரு கிரவுண்டுல பதினஞ்சு பசங்களோட நிப்பேன்.

கிரவுண்டுன்னதும் பெருசா கற்பனை பண்ணாதீங்க. ஒரே மைதானத்துல நாலு கிரிக்கெட் மேட்ச், நடுவுல நாங்க. எங்க இடது பக்கக் கோட்டுக்கு வெளிய பக்கத்து மேட்சோட ஸ்கொயர் லெக் ஃபீல்டர் நிப்பாரு. சில நாள் கோட்டுக்கு உள்ளயே நிப்பாரு. கேட்டா, "நீங்கதான் சார் எங்க பவுண்டரில ஆடுறீங்க"ம்பாரு.

இந்த ஸ்கொயர் லெக் புண்ணியத்துலதான் எங்க டீம் அண்டர்லேப் கத்துக்கிச்சு.

தெரியாதவங்களுக்கு: விங்கர் கோட்டோரம் பந்தோட நிக்கிறான். பின்னாடி இருந்து ஃபுல்பேக் ஓடி வர்றான். விங்கருக்கு வெளிப்பக்கமா, கோட்டை ஒட்டிச் சுத்திப் போனா ஓவர்லேப். விங்கருக்கு உள்பக்கமா, எதிரணி ஃபுல்பேக்குக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவுல இருக்கிற சந்துல பூந்து போனா அண்டர்லேப். எங்க பசங்களுக்கு வெளிய போக வழியே இல்ல. போனா ஒண்ணு ஸ்கொயர் லெக் மேல மோதணும், இல்ல அங்க நிறுத்தியிருக்கிற பைக் மேல மோதணும்.

பெப் கார்டியோலா பேயர்ன் மியூனிக்ல லாம், அலாபா ரெண்டு பேரையும் உள்ள கொண்டு வந்து மிட்ஃபீல்டர் மாதிரி ஆட வெச்சாரே, அதுவா இதுன்னு ஒருத்தர் போன தடவை கேட்டிருந்தார். சொந்தக்கார விஷயம்தான், ஆனா வேற. அங்க ஃபுல்பேக் உள்ள வந்து நிப்பான். இங்க நிக்க மாட்டான், உள்வழியா ஓடிக் கடந்து போயிடுவான்.

எப்ப ஓடணும்ங்கிறதுதான் மொத்த வித்தையும். சீக்கிரம் ஓடினா ஆஃப்சைடு, இல்லேன்னா சந்து திறக்கிறதுக்கு முன்னாடியே நீ அங்க போய் அதை அடைச்சுக்குவ. விங்கர் கோட்டோரம் பந்தை வாங்கணும். அவனை அடைக்க எதிரணி ஃபுல்பேக் வெளிய வரணும். அவன் இடுப்பு கோட்டுப் பக்கம் திரும்பணும். அந்த நொடிதான். பசங்ககிட்ட நான் சொல்றது, "அவன் கண்ணைப் பார்க்காத, காலைப் பார்க்காத, இடுப்பைப் பாரு." கண்ணும் காலும் பொய் சொல்லும். இடுப்பைத் திருப்பினவன் மறுபடி திரும்பி ஓட ஒரு அடி தாமதம் ஆகும். அந்த ஒரு அடிதான் நமக்கு வேணும்.

டிரில்லுக்கு கோன்கூட வேண்டாம். ஆறடி இடைவெளியில ரெண்டு செருப்பு, அதுதான் சந்து. ரெண்டு செருப்புக்கு நடுவுல பந்தும் ஃபுல்பேக்கும் போய் அடிச்ச கோலுக்கு ரெண்டு பாயின்ட். உள்ள போனதும் தூக்கி கிராஸ் போடக் கூடாது. தரையோட பின்னாடி இழுத்து, பெனால்டி ஸ்பாட் பக்கம் ஓடி வர்றவனுக்குக் கொடுக்கணும். எல்லா டிஃபெண்டரும் கோலைப் பார்த்து ஓடிட்டு இருப்பான், பின்னாடி வர்றவனைப் பார்க்க மாட்டான்.

எங்க லெஃப்ட் பேக் பிளஸ் டூ பையன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட் கிடைக்கணும்னு வீட்டுல எதிர்பார்ப்பு. சின்ன வயசுல இருந்து, "பேக்னா பேக்ல நில்லுடா"ன்னு கேட்டே வளர்ந்தவன். செருப்பு டிரில் மூணே வாரத்துல பிடிச்சுக்கிட்டான். 2025 மே 31 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் கிளிப்பை அவனுக்கு அனுப்பினேன். மியூனிக்ல பிஎஸ்ஜி இன்டரை 5-0ன்னு அடிச்ச மேட்ச். 12வது நிமிஷம், டூவே தட்டிவிட்ட பந்தை கோலுக்கு நேரா நின்னு உள்ள போட்டது ஹக்கீமி. ரைட் பேக்! அது சுத்தமான அண்டர்லேப்னு சொல்ல மாட்டேன். ஆனா பேக் ஆடுறவன் அந்த இடத்துல இருக்கலாம்னு பையன் நம்பணும், அதுக்குத்தான் அனுப்பினேன். "சார், இவரு ஏன் சார் அங்க இருக்காரு?"ன்னு ரிப்ளை போட்டான்.

அப்புறம் மேடவாக்கம் பக்கம் ஒரு சின்ன டோர்னமென்ட். முதல் பாதியில ரெண்டு தடவை சந்துல பூந்தான், ஒரு கோல் வந்துச்சு. எனக்கு தலை கால் புரியல. ரெண்டாவது பாதியில அவன் உள்ள போனப்போ பந்து பறிபோச்சு, அவன் விட்டுட்டு வந்த இடத்துல நீளமா ஒரு பந்து, கோல். அஞ்சு நிமிஷம் கழிச்சு அச்சு அசலா இன்னொண்ணு. 1-2.

மேட்ச் முடிஞ்சு பெரியவங்க எல்லாரும் அவனைத்தான் பிடிச்சாங்க. "பேக்ல நிக்க வேண்டியவன் எங்கடா போன?" நான் பக்கத்துல நின்னேன். வாயைத் திறந்து, நான்தான் போகச் சொன்னேன்னு சொல்லியிருக்கணும். தோத்த எரிச்சல்ல பேசாம பையைக் கட்டிட்டு இருந்தேன். இதை எழுதறப்போ இப்பவும் கூசுது.

அடுத்த ரெண்டு ஞாயிறு அவன் வரல. போன் எடுக்கல. மூணாவது வாரம் வீட்டுக்கே போனேன். அவங்க அப்பா டிரைவர், ஃபுட்பால் ஆடினதே இல்ல. டீ கொடுத்துட்டு நிதானமா ஒரே கேள்வி கேட்டார். "எல்லாம் சரிங்க சார். இவன் முன்னாடி போனா, இவன் இடத்துல யாரு?"

பதில் இல்ல என்கிட்ட. இத்தனை வருஷம் ரிலீவர் வராம வார்டை விட்டு ஒரு நாள் நகர்ந்ததில்ல. காலைல 8 மணிக்கு ஆள் வந்து, கேஸ் ஒவ்வொண்ணா ஒப்படைச்சு, அப்புறம்தான் படி இறங்குவேன். அந்த நான், ஒரு பையனை அவன் இடத்தை விட்டு ஓடச் சொல்லிட்டு, அங்க யாரை நிறுத்தறதுன்னு யோசிக்கவே இல்ல. தப்பு என்னோடதுன்னு அப்பா முன்னாடியே அவன்கிட்ட சொன்னேன். அவன் தலையைத் தூக்கல.

அடுத்த வாரம் வந்தான். அன்னிக்கு செருப்பு டிரில் கிடையாது. டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை மட்டும் வெச்சு ஒரு மணி நேரம். லெஃப்ட் பேக் கிளம்பினா நீ அந்த இடத்துக்கு நகரு. ரைட் பேக் மேல போகாம உள்ள ஒதுங்கி ஸ்டாப்பர்களோட சேர்ந்து நில்லு. மேல அஞ்சு பேர் போனாலும் கீழ மூணு பேர் இருக்கணும். பசங்களுக்கு இது போர். கோல் அடிக்கிற டிரில் இல்லையே.

நேரு ஸ்டேடியத்துல மேட்ச் பார்க்கிறதுல ஒரு லாபம் உண்டு. தாம்பரத்துல ரயில் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரம்தான். சென்னையின் எஃப்சி ரெண்டாவது கோப்பை ஜெயிச்ச 2017-18 சீசன்ல லெஃப்ட் பேக் ஜெர்ரி லால்ரின்சுவாலாவுக்கு 19 வயசுதான். பந்தை விட்டுட்டு அவரையே பார்த்துட்டு இருப்பேன். டிவி பந்து போற பக்கம்தான் போகும். மேல் வரிசையில உட்கார்ந்தாதான் ஒருத்தன் கிளம்பினதும் யாரு நகர்றாங்கன்னு தெரியும். அத்தனை மேட்ச் பார்த்தும் எனக்கு உறைக்கல, ஒரு டீ டம்ளரோட அவங்க அப்பா கேட்டாரு.

போன ஞாயிறு பையன் சந்துல நாலு தடவை பூந்தான். பந்து ஒரு தடவைகூட வரல. ஆனா அவன் ஓட்டத்துக்கு எதிரணி மிட்ஃபீல்டர் கூடவே போனதால, எங்க விங்கருக்கு உள்ள வர வழி கிடைச்சுது. ஒரு ஷாட் கம்பத்துல பட்டுத் திரும்புச்சு. ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு முன்னாடி பையன் ஒரு நொடி பின்னாடி திரும்பிப் பார்த்தான். மிட்ஃபீல்டர் கையைத் தூக்கினதும்தான் ஓடினான். கை தூக்கறது நான் சொல்லிக் கொடுத்ததில்ல, அவங்களாவே பேசி வெச்சுக்கிட்டது.

அவங்க அப்பா பைக் மேல உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தார். பைக் வழக்கம்போல எங்க கோட்டுக்கு உள்ளதான் நின்னுது.