ஃப்ளோரா ந்வாபா: எழுதினார், அச்சடித்தார், விற்றார்

ஆப்பிரிக்க நாவல் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் சினுவா அச்செபே. அவருடைய முதல் நாவல் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழிலேயே வந்திருக்கிறது. அதே நைஜீரியாவில், அதே இக்போ மக்களிடையே பிறந்த ஃப்ளோரா ந்வாபாவைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. நாவல் எழுதியதோடு நிற்காமல், புத்தகத்தை அச்சடித்து விற்கவும் தானே இறங்கியவர் இவர். எழுத்தாளராக அவரைக் கொண்டாடுகிறவர்கள் கூட இந்த இரண்டாவது வேலையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையில் அதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

ந்வாபா பிறந்தது 1931 ஜனவரி 13ஆம் தேதி, ஒகுட்டா என்ற ஏரிக்கரை ஊரில். அங்கிருந்து நீர்வழியாகவே நைஜர் நதிக்குப் போய்விடலாம். அதனால் பாமாயில் வியாபாரம் ஒரு காலத்தில் அங்கே கொடிகட்டிப் பறந்தது. சந்தையில் விற்பதும் வாங்குவதும் பெரும்பாலும் பெண்கள். சிறுமியாக இருந்தபோது அந்தப் பெண்களிடம் கேட்ட கதைகள்தான் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தன. 1957இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பட்டம், அடுத்த வருடம் எடின்பரோவில் கல்வியியல் டிப்ளமோ. ஊர் திரும்பி எனுகுவில் பள்ளி ஆசிரியை வேலை, பிறகு லாகோஸ் பல்கலைக்கழகத்தில் நிர்வாக வேலை.

இதற்கு நடுவே ஒரு நாவலை எழுதி முடித்தார். கையெழுத்துப் பிரதியை அச்செபேக்கு அனுப்பினார். அச்செபே படித்துவிட்டுப் பாராட்டிப் பதில் எழுதினார். அதோடு விடவில்லை. லண்டனில் உள்ள ஹைனமன் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள் என்று சொல்லி, தபால் செலவுக்குப் பணமும் சேர்த்து அனுப்பினார்! அப்படிப் போன பிரதிதான் 1966இல் 'எஃபுரு' என்ற நாவலாக, ஹைனமனின் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் 26ஆவது புத்தகமாக வந்தது. நைஜீரியப் பெண் ஒருவர் எழுதி லண்டனில் வெளியான முதல் ஆங்கில நாவல் அது.

கதை நாயகி எஃபுரு ஒரு வியாபாரி. பரிசப் பணம் கட்ட வசதியில்லாத ஒருவனோடு போய்விடுகிறாள். பிறகு இருவரும் வியாபாரம் செய்து சம்பாதித்து, அந்தப் பணத்தை அவள் அப்பாவிடம் கட்டுகிறார்கள். கைவைத்த வியாபாரமெல்லாம் அவளுக்கு லாபம்தான். ஆனால் பெற்ற ஒரே குழந்தை இறந்துவிடுகிறது. இரண்டு கல்யாணமும் நிலைக்கவில்லை. கடைசியில் ஏரியின் தேவதையான உஹமிரியை வழிபடுகிறவளாகிறாள். அந்தத் தேவதை செல்வம் தருவாள், பிள்ளை தர மாட்டாள் என்பது ஊரின் நம்பிக்கை.

அன்றைய விமர்சகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பெண்கள் கூடி உட்கார்ந்து பேசுவதையெல்லாம் நாவல் என்பதா என்று கேட்டார்கள். ஆனால் அந்தப் பேச்சில் கடன் உண்டு, வட்டி உண்டு, சரக்கு விலை உண்டு, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்ற கவலையும் உண்டு. ஒரு ஊரின் பொருளாதாரமே அதில்தான் ஓடுகிறது.

1967இல் பியாஃப்ரா போர் வெடித்தது. 1970 ஜனவரியில் முடிந்தபோது கிழக்குப் பகுதி பசியாலும் சாவாலும் நொறுங்கிக் கிடந்தது. ந்வாபா அந்த மாநில அரசில் சுகாதாரம், சமூக நலத் துறைக்குப் பொறுப்பேற்றார். போரில் அனாதையான குழந்தைகளுக்கு வழி செய்வது அந்தப் பொறுப்பில் ஒரு பெரிய வேலை. இரண்டாவது நாவல் 'இடு' 1970இல் ஹைனமன் மூலமாகவே வந்தது. ஆனால் அடுத்து வந்த சிறுகதைத் தொகுப்பையும், 1975இல் வந்த போர் நாவல் 'நெவர் அகெய்ன்' என்பதையும் எனுகுவிலேயே வெளியிட்டார். அதே 1970களில்தான் சொந்தமாக டானா பிரஸ் என்ற பதிப்பகத்தையும் ஆரம்பித்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெண் பதிப்பகம் நடத்துவது அப்போது அபூர்வம். பெரியவர்களுக்கான கதைகளோடு குழந்தைகளுக்கான புத்தகங்களும் போட்டார்.

இது ஏன் பெரிய விஷயம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனில் அச்சாகும் புத்தகம் நைஜீரியாவுக்கு இறக்குமதிச் சரக்கு. அதன் விலையைப் பவுண்டு தீர்மானிக்கிறது. எது மறுபதிப்பு வர வேண்டும், எது போதும் என்பதை லண்டன் தீர்மானிக்கிறது. எஃபுரு மாதிரியான ஒரு சந்தைக்காரியின் மகள் அந்தக் கதையைப் படிக்க வேண்டுமென்றால், அவள் கைக்கு எட்டும் இடத்தில் யாராவது முதல் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த முதலும் சீக்கிரம் திரும்பி வராது. காகிதத்துக்கும் அச்சுக்கும் இன்றைக்கே காசு கொடுக்க வேண்டும், புத்தகம் விற்ற காசு எப்போதோ வரும்.

1980களில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. எண்ணெய் விலை சரிந்து நைஜீரியாவில் அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்தது. இறக்குமதிப் புத்தகங்கள் வருவது சுருங்கியது. 1986இல் பொருளாதாரச் சீரமைப்பு என்று நைராவின் மதிப்பை இறக்கியபோது உள்ளூர்ப் பதிப்பாளர்களுக்கும் மூச்சு முட்டியது, அச்சுக்கு வேண்டியது பலவும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே! இந்தக் காலத்தில்தான் டானா பிரஸ் மூலம் 'ஒன் இஸ் எனஃப்' (1981), 'விமன் ஆர் டிஃபரென்ட்' (1986) ஆகிய நாவல்களைக் கொண்டு வந்தார். முன்னதில் வரும் அமாகா, பிள்ளையில்லை என்று கொடுமைப்படுத்திய புகுந்த வீட்டை விட்டு லாகோஸுக்குப் போய் கான்ட்ராக்டராகிறாள். 1992இல் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று அவருடைய புத்தகங்களை அங்கே மறுபதிப்பு செய்யத் தொடங்கியது. வெளிநாட்டில் அச்சாகி ஊருக்கு வந்த காலம் போய், ஊரில் அச்சானது வெளிநாட்டுக்குப் போனது.

மற்ற எழுத்தாளர்களுக்கு அவர் செய்தது என்ன? மைடுகுரி பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியம் கற்பித்தார். அதைவிடப் பெரியது, பின்னால் வந்தவர்களுக்குத் திறந்துவிட்ட வழி. புச்சி எமெச்சேட்டா தன் புகழ்பெற்ற நாவலுக்கு (1979) வைத்த 'தாய்மையின் ஆனந்தங்கள்' என்று பொருள்படும் தலைப்பு, 'எஃபுரு'வின் கடைசி வரிகளிலிருந்து எடுத்தது. எமெச்சேட்டாவும் 1980களில் மகனோடு சேர்ந்து சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். சிமமண்டா அடிச்சி 2007 முதல் லாகோஸில் இளம் எழுத்தாளர்களுக்குப் பயிலரங்கு நடத்த ஆரம்பித்தபோது, அவரோடு கைகோத்தது ஃபராஃபினா என்ற நைஜீரியப் பதிப்பகம். 

1993 அக்டோபர் 16 அன்று எனுகுவில் நிமோனியாவால் ந்வாபா இறந்தார். வயது 62. ஏரித் தேவதையைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த கடைசி நாவல் அவர் இறந்து இருபது வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் புத்தகமாக வந்தது. பதிப்பாளராக இருந்தவரின் நாவலே இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது!

அவரைப் படிக்க நினைப்பவர்கள் 'எஃபுரு'வில் தொடங்கி, 'ஒன் இஸ் எனஃப்' வரை வரலாம். பழைய பிரதி கிடைத்தால், பதிப்பகத்தின் பெயர் இருக்கும் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். முதலாவதில் லண்டன் இருக்கும், இரண்டாவதில் எனுகு.