டப்பாவா, பால்கோவாவா?

ராஜபாளையத்தில் என் அக்காள் பிள்ளை, இரண்டு வருஷமாக டியூஷன் எடுத்து 50,000 ரூபாய் சேர்த்திருக்கிறான். விளையாட்டுக் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் வாங்கித் தானே பூட்டப் போகிறானாம்! சீட்டை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்கும் வர்ண விளக்குகளுக்கும் 9,000. பவர் சப்ளைக்கு வெறும் 1,000! எனக்குப் பகீரென்றது.

"ஏண்டா, ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவாவைப் பார்த்து வாங்குவாயா, டப்பாவைப் பார்த்தா?" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள். விளையாட்டில் படம் தடங்கலின்றி ஓடுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் தயவு. பணத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போக வேண்டும். 16 ஜிபி ராம், ஆறு கோர் பிராசஸர் போதும். ஆனால், மட்டமான பவர் சப்ளை ஒருநாள் புகைந்தால், அருமைக் கார்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடக் கூடுமே!

பையன் சீட்டைத் திருத்தி எழுதினான்.

"விளக்கு ஒன்றே ஒன்று, சித்தி?"

"தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்றேன்.