வரப்பும் வடிகாலும்

நகரத்துப் பள்ளிகளில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த நான், ஓய்வு பெற்றபின் காவிரிப் பாசனத்திற்கு உட்பட்ட சிற்றூர் ஒன்றில் குடியேறினேன். மருத நிலத்தின் இயல்பை மாணவர்க்கு விளக்கிய எனக்கு, அந்நிலத்தின் நடுவே வாழும் பேறு அறுபது ஆண்டு கடந்த பின்னரே வாய்த்தது. அங்கு ஓராண்டில் கண்டவற்றுள் சிலவற்றை ஈண்டுக் கூறுவேன்.

காவிரிப் படுகையின் வேளாண்மை நீர்வரவைப் பொறுத்தது. 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையினின்று ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்கு நீர் திறப்பது வழக்கம். அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. வாய்க்காலில் புதுநீர் வந்ததும் உழவர் வரப்புகளைச் செப்பனிடுவர். சேற்றுழவு செய்து பரம்படிப்பர். முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளிப்பர். குறுவை நெல் ஏறக்குறைய நான்கு திங்களில் விளையும். சம்பாவுக்கோ ஐந்து திங்கள் வரை வேண்டும். இக்காலத்தில் டிராக்டர் உழுகின்றது, இயந்திரம் அறுக்கின்றது. ஆயினும், நீரை அளவறிந்து விடுவதும் வடிப்பதும் மண்வெட்டி ஏந்திய உழவரின் வேலையாகவே உள்ளன.

நீரை ஆவலோடு வரவேற்ற அதே உழவர், கார்த்திகைத் திங்களில் அதனை வெளியேற்றப் பாடுபடுவதைக் கண்டேன். வடகிழக்குப் பருவமழை மூன்று நாள் விடாது பெய்தது. தாழ்ந்த வயல்களில் சம்பாப் பயிரின் நுனிகள் மட்டுமே நீருக்கு மேல் தெரிந்தன. “நெல் நீரில் வளரும் பயிரன்றோ?” என்று அண்டை வீட்டுப் பெரியவரை வினவினேன்.

“ஐயா, பயிரின் கால் நீரில் நிற்கலாம், தலை மூழ்கலாகாது. நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும்” என்றார் அவர்.

வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டி நீரோட்டத்தைத் தடுத்திருந்தது. ஒருவர் தம் மடையை மட்டும் திறந்தால், அந்நீர் அடுத்தவர் வயலில் அன்றோ தேங்கும்? ஆதலின் ஊரார் ஒருங்கே இறங்கி, இடுப்பளவு நீரில் நின்று அச்செடிகளை வாரிக் கரையில் இட்டனர். மேட்டு வயலாரின் பயிருக்கு அன்று இடர் ஏதும் இல்லை. எனினும் அவர்களும் வந்தனர். மாலையில் நீர் மெல்ல வடியத் தொடங்கிற்று. சில இடங்களில் பயிர் அழுகிப் போயிற்று. செழித்த வயல்களின் குத்துகளைக் கலைத்து எடுத்த பயிரை உழவர் அவ்விடங்களில் நட்டனர்.

தைத் திங்களில் சம்பா முற்றியது. அறுவடைக்குச் சில நாள் முன்னரே, ஈரம் காயாத வயலில் நெற்பயிரின் ஊடே உளுந்தையும் பயற்றையும் தெளித்தனர். அறுவடைக்குப்பின் அவை எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே வளர்ந்தன. கார்த்திகையில் பயிரை அழிக்க வந்த நீர், தையில் சிறிதும் வீணாகாமல் பயன்பட்டது.

மாணவர்களே! வரப்பு ஒருவர் நிலத்தைப் பிறர் நிலத்தினின்று பிரிக்கின்றது. வடிகாலோ எல்லார்க்கும் பொதுவானது. தம் பயிர் தலைநிமிர்ந்து நின்றபோதும், பிறர் பயிரைக் காக்கச் சேற்றில் இறங்கினர் அம்மேட்டு வயலார். நாம் உண்ணும் சோற்றில் அத்தகையோர் உழைப்பும் கலந்திருக்கின்றது என்பதை மறவாதிருப்போமாக.