கம்பியில் பறக்காதவர்கள்

காலை எட்டு மணிக்கு வேன் பண்டாரவளையிலிருந்து எல்ல நகருக்குப் புறப்பட்டது. உள்ளே பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் மட்டும்தான். நீலகிரி கூடலூரிலிருந்து வந்திருந்த அத்தையும் மாமாவும் வாசலில் நின்றுகொண்டார்கள். எல்லவில் 'பிளையிங் ராவணா' என்று பெயர் வைத்து, பள்ளத்தாக்குக்கு மேலே கம்பி கட்டி, இடுப்பில் வார் மாட்டி ஆளை விடுகிறார்கள். அரைக் கிலோமீட்டருக்கு மேல் அந்தரத்திலேயே பயணம். முந்தின இரவு பேரன் கைபேசியில் காட்டியதைப் பார்த்த மாமா, "ராவணனுக்குப் புஷ்பக விமானமாவது இருந்துச்சு. இது வெறுங்கம்பிடா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இலங்கையில் ஊவாப் பக்கம் குடும்பத்தோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இளசுகளுக்கு எல்ல இருக்கிறது: கம்பிப் பயணம், சின்ன சிவனொளிபாதமலை, பாறை ஏற்றம், இரவில் பாட்டும் வெளிச்சமும். பெரியவர்களை என்ன செய்வது? அறையில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அல்லது கூட்டிப்போய் வேனிலேயே உட்கார வைக்கிறார்கள். எல்ல வீதியோரம் நிற்கும் வேன்களுக்குள் எட்டிப் பாருங்கள். பின் இருக்கையில் ஓர் ஆச்சி மடியில் எல்லோருடைய செருப்பையும் பையையும் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருப்பார். சுற்றுலா என்று அழைத்து வந்து காவல் வேலை கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் இந்த முறை அவர்கள் இருவரோடும் நானே நின்றுவிட்டேன்.

குளிரைக் காட்டி அவர்களை மயக்கவும் முடியாது. பண்டாரவளை கடல் மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காலையில் மூடுபனி, சுற்றிலும் தேயிலை, சரிவெல்லாம் சவுக்கும் யூகலிப்டஸும். மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கூடலூர் மாதிரியே இருக்கு மாப்ள. இதுக்கு எதுக்கு விசாவெல்லாம் எடுத்தோம்?" என்றார்.

முதல் நாள் கோச்சி, அதாவது ரயில். பண்டாரவளையில் ஏறி பதுளை வரைக்கும், பாதையின் கடைசி நிலையம் வரைக்கும் போவது என்று முடிவு. நானுஓயாவை 1885இல் தொட்ட இந்த மலைப்பாதை பண்டாரவளைக்கு வர 1894 ஆனது. பதுளைக்குப் போய்ச் சேர 1924. அத்தைக்கு இந்த நிலையம் புதிதல்ல. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் 3 லட்சம் பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். அந்தக் கணக்கில் இந்தியாவுக்கு விழுந்த குடும்பம் அத்தையுடையது. பதினேழு வயதில் இதே மேடையிலிருந்துதான் தலைமன்னாருக்குப் போனார். அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அந்த ரயில்களை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே மலையகத்தில் சொன்னார்கள். அத்தை மேடையை ஒரு பார்வை பார்த்தார். "அன்னிக்கு உக்கார எடம் இல்ல. இப்ப பெஞ்சு போட்டிருக்கானுங்க" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

கோச்சி வந்ததும் முதல் சோதனை படிதான். மேடை தாழ்வு, பெட்டியின் படி உயரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஒரு சின்ன மலை. தியத்தலாவை முகாமிலிருந்து விடுமுறைக்கு வீடு போய்க்கொண்டிருந்த படைவீரர் ஒருவர் வாசலில் நின்றார். கேட்காமலே குனிந்து மாமாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். உள்ளே ஒரு பெண் எழுந்து, "ஆச்சி, வாடிவென்ன" என்று சிங்களத்தில் உட்காரச் சொல்லி இடம் விட்டாள். அத்தை சட்டென்று, "பொஹொம ஸ்தூதி, துவே" என்றார். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். "இத்தன வருஷமா என்கிட்ட இந்தப் பாஷையில ஒரு வார்த்த பேசினதில்ல மாப்ள!"

எல்ல தாண்டியதும் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டியது, 91 மீட்டர் நீளம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பே இல்லை. இதைக் கீழிருந்து பார்க்க இளையவர்கள் வழுக்குகிற மண்பாதையில் இறங்குகிறார்கள். முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மேலே ரயிலில் உட்கார்ந்தபடி கடந்துவிடலாம், வியர்வை இல்லை. எங்கள் பிள்ளைகள் கம்பிப் பயணத்தை முடித்துவிட்டு அங்கேதான் நின்றிருந்தார்கள். ரயில் வந்தால்தான் படம் எடுபடும் என்று நெடுநேரம் காத்திருந்தார்களாம். மாமா ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினார். பேரன் எடுத்த காணொளியில் அந்தக் கை மட்டும் தெரிகிறது.

மாமாவுக்கு உண்மையில் பிடித்தது அடுத்துவந்த தெமோதரைதான். நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, சுரங்கத்துக்குள் நுழைந்து, சற்று முன் நின்ற அதே நிலையத்துக்கு அடியிலேயே போகிறது. சரிவு கூடிவிடாமல் பாதையைக் கீழே கொண்டுவர வேறு வழி இல்லை. எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் தவித்துக்கொண்டிருந்தபோது, கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்று ஒரு கதை இங்கே வழங்குகிறது. சொன்னேன். மாமா சிரித்தார். "கங்காணி தலப்பாவால நம்ம ஊர்ல நடந்த ஒரே நல்ல காரியம் இதுவாத்தான் இருக்கும்."

பதுளையில் இறங்கிச் சாப்பிட்டோம். துன்ஹிந்த அருவி 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, பார்க்க அழகு. ஆனால் வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏறி இறங்கி நடக்க வேண்டும். வேண்டாம் என்று விட்டோம். திரும்பியது வாடகைக் காரில். ஒரே நாளில் இரண்டு முறை அந்தப் படியில் ஏறச் சொல்வது நியாயமில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பூனாகலை வீதியில் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போனோம். அத்தை பிறந்த தோட்டம். முதல் நாளே தோட்டத் தலைவரிடம் பேசி, நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு வைத்திருந்தேன். தோட்டத்துக்குள் சொல்லாமல் நுழைவது முறையும் இல்லை, சில இடங்களில் நடக்கவும் நடக்காது. ஆட்டோ லயத்து வரிசை வீடுகளின் வாசல் வரை போனது.

பணிய லயம் அப்படியே நிற்கிறது. தகரம் மட்டும் மாறியிருக்கிறது. மேட்டில் தனித்தனி வீடுகள் சில எழும்பியிருக்கின்றன. மலையகத்துக்கு இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளுக்கு உதவியது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடுகள் என்றார். ஆனாலும் பெரும்பாலான தோட்டங்களில் லயம்தான் இன்னும் வீடு. அத்தை காம்பராக்களை விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போய் ஒன்றின் முன் நின்றார். அங்கே இப்போது வேறு குடும்பம். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "யாரு வூட்டுப் புள்ளங்க நீங்க?" என்றார்.

அதன்பிறகு எனக்கு வேலை இல்லை. யார் யாரைக் கட்டினார்கள், யார் கொழும்புக்குப் போனார்கள், எந்தக் கணக்கப்பிள்ளை அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டு வயிற்றில் அடித்தான், பீலிக்கரையில் யாருக்கு யாரோடு சண்டை என்று இருவரும் ஊரையே திரும்பக் குடிவைத்தார்கள். நடுவில் சாயத் தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் வந்தன. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்க்கப் போனபோது அத்தை கேட்ட முதல் கேள்வி, "ஒரு பேருக்கு இப்ப எத்தன கிலோ?" "பதினெட்டு ஆச்சி" என்றாள் ஒருத்தி. அத்தை அவள் கூடையைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் பாதிகூட ஆகலியே" என்றார். மலை முழுக்கச் சிரிப்பு. இரண்டு மணி நேரத்துக்கும் மேலே அங்கே இருந்தோம். ஒருமுறைகூட அவர் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

ஆனால் மாமா அரை மணி நேரத்திலேயே நெளிய ஆரம்பித்துவிட்டார். இரண்டு பெரியவர்கள் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய தோட்டம் ஹட்டன் பக்கம், இந்த லயத்தில் அவருக்கு யாரையும் தெரியாது. நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் எந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சுற்றிக்காட்ட வந்த இளைஞர் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்குச் சுமார் ஒரு கிலோ தூள் என்று அவர் சொன்னபோது மாமா தலையாட்டினார். வாட்டும் தொட்டியருகே வந்ததும் அவர் கை தானாக உள்ளே போனது. ஒரு பிடி கொழுந்தை எடுத்து உருண்டையாக இறுக்கி, கையை விரித்துப் பார்த்தார். இலை சட்டென்று விரிந்துகொண்டது. "இன்னும் ரெண்டு மணி நேரம் போவணும், தம்பி" என்றார். இளைஞர் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். அவர் வந்து அதே மாதிரி பிடித்துப் பார்த்து, "சரிதாங்க ஐயா" என்றார்.

நீலகிரியில் பெரும்பகுதி சி.டி.சி. தூள். இலையை வெட்டி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் முறை அது. ஊவாவில் பழைய முறைப்படி பெரிய உருளை எந்திரத்தில் உருட்டுகிறார்கள். மாமா அந்த எந்திரம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு அழுத்தம், எத்தனை நிமிடம், எத்தனை முறை என்று கேள்வி மேல் கேள்வி. ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தச் சரிவில் அடிக்கும் வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன வாசனை ஏறுகிறது. நாங்கள் போனது ஆகஸ்ட். ஒரு கோப்பையை வாயில் வைத்து உறிஞ்சியவர், "மூக்குல ஏறுது மாப்ள, தைலம் கணக்கா" என்றார். கடைசியில் பார்த்தால் சுற்றிக்காட்ட வந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார், மாமா விளக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் கம்பிப் பயணம் கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிட்டதாம். மாமாவின் ஸ்டோர்ப் பேச்சு இரவுச் சாப்பாடு வரை ஓடியது.

மாலையில் பண்டாரவளை ஹோட்டல். 1893இலிருந்து நிற்கிற கட்டடம், ஒரு காலத்தில் துரைமார் கூடிய கிளப். பிரம்பு நாற்காலி, புல்தரை, அவசரம் இல்லாத பரிமாறல், சுத்தமான கழிவறை. கடைசியாகச் சொன்னதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். "இந்தப் பக்கம் நாங்க எட்டிக்கூடப் பார்த்ததில்ல" என்றார் அத்தை. பிறகு பால் தனியாக வந்ததைப் பார்த்து, கலந்து கொடுக்கக்கூட ஆள் இல்லையா என்று கேட்டார்.

இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் ஹப்புத்தளைக்குப் போயிருப்போம். சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷம் மாளிகை இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியிலும் பௌர்ணமிப் போயா நாளிலும் பள்ளி விடுமுறையிலும் திறந்திருக்கும், அவர்கள் செய்யும் ஜாம் வாங்கலாம். தம்பதென்னையில் 1890இல் லிப்டன் கட்டிய ஸ்டோர் இருக்கிறது. அதற்கு மேலே லிப்டன் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடத்துக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். விடிந்ததும் போங்கள், வெயில் ஏறினால் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். பண்டாரவளை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் நல்லதுதான், கூட்டத்தில் இடிபடத் தயங்காதவர்களுக்கு.

பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு பயணம், ஒரு தேத்தண்ணி, அதற்கு மேல் வேண்டாம். கோச்சியில் ஏற்றிவிட பலமுள்ள ஒருவர் கூட வரட்டும். இடம் தேடும்போது காட்சியைவிட, அவர்களோடு பேச ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டோர் பார்க்கப் போவதானால் திங்கட்கிழமையைத் தவிருங்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்காத தோட்டங்களில் திங்களன்று உருட்ட இலை இருக்காது, எந்திரம் சும்மாதான் நிற்கும்.