பேசியவர்கள் பட்டியல்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எந்த அறையை எட்டிப் பார்த்தாலும், கரும்பலகையின் மூலையில் கட்டம் கட்டி ‘பேசியவர்கள்’ என்று எழுதியிருக்க வாய்ப்புண்டு. கீழே நாலைந்து பெயர்கள். மறுபடி வாயைத் திறந்தவனுக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. வகுப்புத் தலைவனின் கூட்டாளிகள் பெயர் ஏறாது. ஏறினாலும் ஆசிரியர் வருவதற்குள் அழிந்துவிடும். நேரத்துக்கு வருவது, சீருடை, வீட்டுப்பாடம் என்று விதிகள் எத்தனையோ இருக்க, கரும்பலகையில் நிரந்தர இடம் பிடித்தது இது ஒன்றுதான்.

மாணவன் என்றால் அடக்கம் வேண்டும் என்பவர்களுக்கு இலக்கண நூலான நன்னூலின் பொதுப்பாயிரம் நல்ல சாட்சி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் வகுத்த ஒழுங்கு கடுமையானதுதான்: ஆசிரியர் இரு என்றால் இருக்க வேண்டும், சொல் என்றால்தான் சொல்ல வேண்டும், சித்திரப் பாவை போல் அடங்கிக் கேட்க வேண்டும். கடைசித் தர மாணவர்களுக்கு எருமை, பன்னாடை என்று உவமைகள் வேறு. ஆனால் சாட்சியை அதோடு இறக்கிவிடக் கூடாது. அதே பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதைச் சிந்தாமல் வாங்கிக்கொண்டாலும் கால்பங்குதான் தேறும். உடன் படிப்பவர்களோடு பயில்வதில் இன்னொரு கால். மிச்சம் அரைப்பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. பாவை போல் உட்காரச் சொன்னவரே முக்கால் பங்கை அடுத்தவரோடு பழகுவதற்கும் பேசுவதற்கும் ஒதுக்கியிருக்கிறார். நாம் கால்பங்குக்கான விதியை முழுநாளுக்கும் நீட்டிவிட்டோம்.

பவணந்தியின் மாணவன் வளர்ந்தவன், இலக்கணம் கற்க வந்தவன். பன்னிரண்டு வயதுக் கும்பலுக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சென்னையிலேயே இருக்கிறது. 1789 முதல் சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர்களின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சுமார் எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார், வேலை நடந்தது. 1797இல் அதைப் புத்தகமாகவே போட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பிறகு மலிவுக் கல்வியாகி, மனப்பாட ஆலையாகவும் சீரழிந்தது உண்மை. அங்கே பையன்கள் விளக்கவில்லை, ஒப்பித்தார்கள். அது பேச்சின் குற்றமாகாது. பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்ல முடியும் என்பது நிரூபணமான ஊர் இது. இங்கேதான் ஒருவனிடம் சாக்பீஸைக் கொடுத்து வேவு பார்க்க வைத்திருக்கிறோம்.

சத்தம் வரும், பக்கத்து வகுப்பு கெடும், தலைமையாசிரியர் ஜன்னலில் நிற்பார் என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபம். வரும்தான். ஒரு ஆசிரியருக்கு 35 பிள்ளைகள் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் அளவிலேயே இரைச்சல் கணிசமாக இருக்கும். ஆனால் பின்னக் கணக்கை முட்டிமோதி விளக்குகிறவனின் சத்தம் வேறு, நேற்றைய கிரிக்கெட்டை அலசுகிறவனின் சத்தம் வேறு. வாசலில் அரை நிமிடம் நின்றால் எந்த ஆசிரியருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். தலைமையாசிரியரும் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவர்தானே.